கிணற்றடி முள்

எங்கள் கிணற்றைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் சென்றது.

மன்னார்த் தீவில் எங்கள் காணி ஒன்றரை ஏக்கர். 19 வயது வரை அதற்குள்தான் வளர்ந்தேன். வீட்டுப் படியிலிருந்து கிணற்றடிக்கு 42 எட்டு. சுபஹுக்கு வுளு எடுக்க இருட்டில் நடந்து நடந்து அந்தக் கணக்கு காலுக்கே பழகியிருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களுள் நாங்களும் அடக்கம். வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து, புத்தளத்தில் கிடுகுக் குடிசையில் கிடந்த வருடங்களில், தூக்கம் வராத இரவுகளில் அந்த 42 எட்டையும் மனதுக்குள் நடந்து பார்த்திருக்கிறேன். வாப்பாவும் நடந்திருப்பார். அவர் புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டார்.

2011 ஜனவரியில் திரும்பிப் போனபோது எட்டு வைக்க இடமிருக்கவில்லை. வீட்டுப் படியும் இல்லை. காணியின் நான்கு மூலையும் ஒரே முள். ஒரு அடியிலிருந்து ஐந்தாறு தண்டுகள் கிளம்பி, ஒன்றையொன்று பின்னி, ஆடு நுழையவும் வழியில்லாமல் நின்றன. கத்தியும் கோடாலியுமாக நானும் மச்சானும் நாள் முழுக்க வெட்டிப் பத்துப் பன்னிரண்டு யார் போயிருப்போம். மறுநாள் பின்னேரம், பக்கத்துக் காணி அண்ணன் வேலியோரம் வந்து நின்று பார்த்துவிட்டு, "தம்பி, அந்த ரெட்டப் பனைக்கு நேர போங்க. உங்கட வாப்பாட கிணறு அங்கதான்" என்றார். போனோம். கட்டு உடைந்து, கிணற்றின் வாய்க்குக் குறுக்கே ஒரு தண்டு சாய்ந்து கிடந்தது.

அண்ணன் கத்தோலிக்கத் தமிழர். வாப்பாவுக்குத் தெரிந்த குடும்பம். அவரும் ஊரிலேயே இருந்தவரல்லர். 1990இல் கடல் தாண்டி மண்டபம் அகதி முகாமுக்குப் போய், சமாதான காலத்தில் திரும்பியவர். வெட்டிப் போட்ட கிளையொன்றைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மரத்த எனக்கு நல்லாத் தெரியும் தம்பி. ராமநாதபுரத்தில இதத்தான் வெட்டிக் கரி சுட்டுக் கூலி வாங்கினனான்" என்றார்.

நாங்கள் அதை முள்மரம் என்றுதான் சொன்னோம். தமிழ்நாட்டுப் புத்தகங்கள் சீமைக்கருவேலம் என்கின்றன. தெற்கே சிங்கள மக்கள் 'களப்பு அந்தர' என்கிறார்கள். தாவரவியலில் வெகுகாலம் புரொசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்று வழங்கியது. மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும் தென்னமெரிக்காவின் வடபகுதியும் அதன் சொந்த மண். 1950களில் அம்பாந்தோட்டைப் பகுதியில் உவர் நிலத்தைத் திருத்தலாம் என்று கொண்டுவந்து நட்டார்கள். நல்லெண்ணத்தோடு நட்டதுதான். பிறகு அது 1990இல் இலங்கையின் முதலாவது ராம்சார் தலமான புந்தலவுக்குள்ளேயே புகுந்து, பறவைகள் மேயும் களப்போரங்களை மூடிவிட்டது. நெற்று இனிப்பு. ஆடும் மாடும் எங்கள் தீவுக்கே உரிய கட்டாக்காலிக் கழுதைகளும் ஆசையாகத் தின்னும். வித்து குடலில் செரிக்காது. சாணத்தோடு விழுந்து, எருவும் ஈரமும் கூடவே கிடைத்து, முளைக்கும். ஆளில்லாத ஊருக்கு அதைவிடப் பொருத்தமான மரத்தை யாராலும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. அது எங்களைத் துரத்தவில்லை, காலியாகக் கிடந்த இடத்தில் குடியேறியது, அவ்வளவுதான். இருந்தும் அதன்மேல் எனக்கு வந்த கோபம் ஒரு மனிதன்மேல் வரும் கோபமாகவே இருந்தது.

பெப்ரவரியில் கிணற்றை இறைத்துச் சேறு வாரி, கட்டைப் பூசினோம். தண்ணீர் பழைய தண்ணீர்தான், இனிப்பு. தீவில் நல்ல தண்ணீர் என்பது மணலுக்குக் கீழே, உப்புத் தண்ணீரின்மேல் மெல்லிய ஏடுபோல மிதப்பது. சில கிணறுகளில் கிடைக்கும், பத்து யார் தள்ளித் தோண்டினால் சவர். அண்ணன் வீட்டுக் கிணறு சவராகிப் போயிருந்தது. அக்கா காலையும் மாலையும் குடத்தோடு எங்கள் கிணற்றடிக்கு வரத் தொடங்கினார். உம்மாவுக்கு அதில் தனிச் சந்தோஷம். இருபது வருடத்துக்குப் பிறகு கிணற்றடியில் இரண்டு பொம்பிளைகள் நின்று கதைக்கிற சத்தம் கேட்டது.

முள்மரத்தை வெட்டி எரித்தோம் என்று நினைத்திருந்தேன். மே மாதம் வந்து பார்த்தால், ஒரு தண்டு நின்ற இடத்தில் ஏழு குருத்து. இந்த மரத்தின் உயிர் தண்டில் இல்லை. மண்ணுக்குச் சற்றுக் கீழே, வேரும் தண்டும் சேரும் முடிச்சில் மொட்டுகள் உறங்குகின்றன. மேலே வெட்டினால் அத்தனையும் விழித்துக்கொள்ளும். இன்னொரு காணிக்காரர் பெக்கோ பிடித்து உழக்கினார். தோண்டிய மண்ணில் முடிச்சு உடைந்து சிதறி, அடுத்த மழைக்கு முன்னரைவிட அடர்த்தியாக எழும்பியது.

ஜூனில் நான் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். டவுனுக்குப் போய்க் களைநாசினி வாங்கினேன். கிளைபோசேட். அந்நாளில் எந்த மருந்துக் கடையிலும் கிடைத்தது. "இது அடிச்சா வேரோட போகும்" என்றார் கடைக்காரர். முதுகில் மாட்டும் ஸ்பிறேயரை வாடகைக்கு எடுத்து, சாரத்தை மடித்துக் கட்டி, கையுறையும் இல்லாமல் முகத்துக்கு ஒரு துவாய்த்துண்டு மட்டும் சுற்றி, பகல் பத்து மணிக்கு அடிக்கத் தொடங்கினேன். சோளகம் வீசுகிற காலம். மன்னாரில் ஜூன் மாதச் சோளகத்தை அறிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். புகைபோல மருந்து பறந்தது. ஒரே நாளில் இரண்டரை லீற்றர் மருந்தைத் தண்ணீரில் கலந்து தீர்த்தேன். கிணற்றுக்குப் பத்து எட்டு வரைக்கும் போனேன். உண்மையைச் சொன்னால், அன்று எனக்கு மனநிறைவாக இருந்தது.

பத்து நாளில் எங்கள் முட்குருத்துகள் மஞ்சளித்தன. காற்றின் கீழே இருந்த அண்ணன் வளவில் கத்தரிப் பாத்தி முழுவதும் மஞ்சளித்தது. நட்டு மூன்று மாதமான முருங்கைக் கன்றுகள் குருத்தோடு வெளிறின. இரண்டு பப்பாசி சூம்பிப் போனது. அந்தக் கத்தரிக்கு அக்கா எங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் சுமந்து ஊற்றியிருந்தார்.

நான் போய் நின்றேன். பேசுவதற்கு என்று சில வசனங்களை ஆயத்தப்படுத்திக்கொண்டு போயிருந்தேன். அண்ணன் கத்தரிச் செடியொன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை. இருபது வருடத்துக்குப் பிறகு வந்த அயலவனிடம் எப்படிச் சத்தம் போடுவது என்று அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். கேட்டது ஒன்றுதான்.

"தம்பி, கிணத்துத் தண்ணி இனிக் குடிக்கலாமோ?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. அன்று மாலை அக்கா குடத்தோடு வரவில்லை.

மறுநாள் விவசாயப் போதனாசிரியரைத் தேடிப் போனேன். இளைஞர். நான் செய்ததைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். பிறகு ஒரு கடதாசியில் மரமொன்றை வரைந்து விளக்கினார். இந்த மருந்து இலை வழியாக உள்ளே போய், மரம் தன் உணவை வேருக்கு அனுப்பும் அதே குழாயில் இறங்கி, புரதம் ஆக்கத் தேவையான ஒரு நொதியத்தை முடக்குகிறது. வறட்சியில் வாடி, இலையில் தூசு படிந்து நிற்கும் மரத்தில் அந்த ஓட்டமே இல்லை. ஆகவே ஜூனில் அடித்தது இலையை எரித்திருக்கும், வேரைத் தொட்டிராது. (அப்படியே ஆயிற்று. மாரி மழைக்கு முக்கால்வாசி திரும்பத் தளிர்த்தது. கத்தரி மட்டும் தளிர்க்கவில்லை.) கிணற்றைப் பற்றிக் கேட்டேன். களிமண்ணில் இந்த மருந்து இறுகப் பிடித்துக்கொள்ளும், நகராது. வெறும் மணலில் அந்தப் பிடிமானம் குறைவு. "பயப்பட ஒன்றுமில்லை என்று நான் சொல்ல மாட்டேன் சேர். மாரி கழியும்வரை குடிக்காமல் விடுங்க, பலமுறை இறைச்சு ஊத்துங்க" என்றார். ஏழு மாதம் இரண்டு வீடும் பள்ளியடிக் குழாயில் தண்ணீர் பிடித்தோம். நான் சைக்கிளில் நான்கு கேன் கட்டிக்கொண்டு போவேன். இரண்டு எங்களுக்கு, இரண்டு அண்ணன் வீட்டுக்கு. வாசலில் வைத்துவிட்டு வருவேன். அக்கா வெறுங் கேனைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார்.

அந்தப் பையன் கற்பித்த முறையை 2012 பெப்ரவரியில் தொடங்கினேன். மாரி முடிந்து, மரம் இலை நிறைந்து, சாறு கீழ்நோக்கி ஓடும் காலம் அது. இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெட்ட, மற்றவர் பூச. மச்சான் தண்டைத் தரையோடு தரையாக, சரிவில்லாமல் மட்டமாக வாளால் அறுப்பார். நான் அறுத்த தூளையும் மணலையும் துணியால் துடைத்துவிட்டு, சின்ன பெயின்ற் பிறஸ்ஸை மருந்தில் தொட்டு, வெட்டுவாயில் பூசுவேன். முழு வட்டத்துக்கும் பூசத் தேவையில்லை. நடுவிலுள்ள வைரம் செத்த மரம், அது எதையும் கொண்டுபோகாது. பட்டைக்கு உட்புறமாக ஓடும் அந்த ஈர வளையம் மட்டுமே உயிருள்ளது. வழிந்து மண்ணில் சொட்டாதபடி அதை நனைத்தால் போதும். ஆனால் சில நிமிடத்துக்குள் பூசிவிட வேண்டும். மரம் தன் காயத்தை அதற்குள் மூடிக்கொள்ளும். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பூசினால் கதை முடிந்தது. இதை நான் சொந்தச் செலவில் படித்தேன். ளுஹர் பாங்கு சொன்னதும் வெட்டியதைப் போட்டுவிட்டுப் போன வரிசையில் அநேகமாக எல்லா அடியும் துளிர்த்தது. விட்டுப் போனால் மறுபடி ஒரு விரற்கடை கீழே புதிதாக அறுத்துத்தான் பூச வேண்டும். பூசிய அடிக்கெல்லாம் உம்மாவின் பழைய சிவப்புச் சீத்தைத் துணியைக் கிழித்துக் கட்டினோம். இல்லாவிட்டால் எது பூசியது, எது பூசாதது என்ற குழப்பத்தில் இரட்டிப்பு மருந்து போகும்.

காற்றில் பறக்க எதுவுமில்லை. மருந்து ஒரு யோகட் கோப்பையின் அடியில், அது மணல் நிரப்பிய பழைய தகர வாளிக்குள். கோப்பை சரிந்தாலும் வாளிக்குள்ளேயே சரியும். றப்பர் கையுறை, முழுக்கைச் சேட், பூட்ஸ், கண்ணுக்கு வெல்டிங்காரரின் வெள்ளைக் கண்ணாடி. மழை இருட்டினால் வேலை இல்லை. அந்தப் பருவம் முழுவதும் 212 அடி பூசினோம். செலவான மருந்து அரை லீற்றருக்குச் சற்று மேல். முந்திய ஜூனில் ஒரே நாளில் காற்றுக்குக் கொடுத்தது இரண்டரை லீற்றர். 212இல் 31 திரும்பத் துளிர்த்தது. இந்த இனத்துக்குக் கிளைபோசேட்டைவிட வாய்ப்பான மருந்துகள் அவுஸ்திரேலியாவில் உண்டு, அடிமரப் பட்டையில் எண்ணெயில் கலந்து பூசுவார்கள் என்று போதனாசிரியர் சொன்னார். அது நம் கைக்கு எட்டியதல்ல. 31ஐயும் அடுத்த வருடம் மறுபடி அறுத்தோம்.

கிணற்றைச் சுற்றி இருபது எட்டுக்குள் ஒரு சொட்டு மருந்தும் கொண்டுபோவதில்லை என்று நானே கோடு கீறினேன். அதற்குள் 11 மரம். அவற்றை அலவாங்கும் மண்வெட்டியுமாக, ஒரு முழம் தோண்டி, உறங்கும் மொட்டு முடிச்சுக்குக் கீழே வேரை வெட்டி எடுத்தோம். முடிச்சு வெளியே வந்துவிட்டால் மிஞ்சிய வேர் தளிர்க்காது. 11 மரத்துக்கு ஒன்பது நாள் சென்றது. முள் குத்திய பெருவிரல் பழுத்து, எனக்கு மூன்று நாள் காய்ச்சல். நான்காவது நாள் அண்ணன் தன் அலவாங்கோடு வேலியைத் தாண்டி வந்தார். வந்தவர் ஒன்றும் சொல்லாமல் குழிக்குள் இறங்கினார். மண்டபத்துக் கரிக்குழிக் கதைகளையெல்லாம் அந்த நாட்களில்தான் கேட்டேன். வெட்டிய விறகைத் தனக்குத் தருவீர்களா என்று கேட்டார். மருந்து அடியில் மட்டும்தான், தண்டில் இல்லை என்பதால் தயங்காமல் கொடுத்தேன். தன் வளவு மூலையில் குழி வெட்டிக் கரி சுட்டார். நல்ல கரி. முதல் மூடையை எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்தார்.

இன்னொன்றும் நடந்தது. எழுதாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். மருந்துப் போத்தலின் மூடி உடைந்துவிட, மிச்சத்தைச் சோடாப் போத்தலொன்றில் ஊற்றி, குசினி ஜன்னலில் வைத்துவிட்டு வுளு எடுக்கப் போனேன். பிளேன்ரீ நிறம். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. உள்ளே வந்தபோது போத்தல் உம்மாவின் கையில் இருந்தது, பிள்ளை அழுதுகொண்டு நின்றது. மூடி திறக்கப்படவில்லை. உம்மா என்னை ஏசவில்லை. போத்தலைத் தூக்கிப் பிடித்து, "இத எங்க வைக்கணும் எண்டு உனக்கு யாரும் சொல்லித் தரல்லியா?" என்று மட்டும் கேட்டா. எனக்கு அப்போது 40 வயது. அன்றிலிருந்து மருந்து அதன் சொந்தப் போத்தலில், லேபலோடு, பூட்டிய பெட்டிக்குள், கூரை வளையின்மேல். வெறும் போத்தலை மூன்று தரம் அலசி, அலசிய தண்ணீரையும் மருந்தோடு மருந்தாகத் தீர்த்து, அடியில் ஆணியால் துளைத்துவிடுவேன். நம் ஊர்களில் மருந்துக் கேனை வெட்டி வாளியாக்கிக் கிணற்றில் விட்ட வீடுகளை நானே கண்டிருக்கிறேன்.

2015இல் கிளைபோசேட் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோய்க்கு அதுவும் காரணமோ என்ற அச்சம் நாட்டில் பரவியிருந்தது. அதே வருடம் மார்ச்சில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை 'மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது' என்ற பிரிவில் சேர்த்தது. 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள். 2021இல் எல்லா விவசாய இரசாயனங்களின் இறக்குமதியையும் ஒரேயடியாக நிறுத்தி, அந்த வருட முடிவுக்குள்ளேயே கைவிட்டார்கள். கிளைபோசேட்டின் தடை நீங்கியது 2022இல். இந்த விவாதத்தில் இரு பக்கமும் உரத்துப் பேசுகிறவர்களோடு என்னால் சேர்ந்துகொள்ள முடிவதில்லை. விஷம் என்று ஒரேயடியாக ஒதுக்குகிறவர் ஒன்றரை ஏக்கர் முள்ளை அலவாங்கால் தோண்டிப் பார்க்க வேண்டும். பயமில்லை என்கிறவர் ஏழு மாதம் அயலவர் வாசலில் தண்ணீர்க் கேன் வைத்துப் பார்க்க வேண்டும். எனக்குத் தடை பெரிதாக உறைக்கவில்லை. அதற்குள் பெரிய மரங்கள் முடிந்துவிட்டிருந்தன. மிஞ்சியவை கன்றுகள், தோண்டினால் வரும்.

கிணற்றின் கதை 2012இலேயே தீர்ந்துவிட்டது. மாரியில் நிறைந்ததை மூன்று தடவை அடிவரை இறைத்து ஊற்றினோம். பிறகு முதலில் நான் மட்டும் குடித்தேன், ஒரு வாரம். பிறகு உம்மாவும் மனைவியும். பிள்ளைக்குக் கொடுக்க உம்மா இன்னொரு வாரம் பொறுத்தா. யாரிடமும் சொல்லி அனுப்பவில்லை. வேலி கிழிந்த வேலி, எல்லாம் தெரியும். மார்ச் மாதம் ஒரு பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வரும்போது கப்பி கிரீச்சிடும் சத்தம் கேட்டது. அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நின்றார். "கப்பிக்கு எண்ணெய் போடுங்க தம்பி" என்றார்.

எல்லைப் பக்கம் ஒரே ஒரு முள்மரத்தை விட்டிருக்கிறோம். அண்ணன்தான் கேட்டார், அவருடைய ஆடுகள் மத்தியானம் அதன் கீழேதான் படுக்கும். நெற்று பழுக்கு முன் நான் ஏணி வைத்துப் பறித்து எரித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். சில வருடம் பிந்திவிடும். அவருக்கு இப்போது ஏணி பிடிக்கவும் முடிவதில்லை, கதிரையைப் போட்டு உட்கார்ந்து, எந்தக் கிளையில் மிஞ்சியிருக்கிறது என்று கைத்தடியால் காட்டுவார்.

முளைப்பது நிற்கவில்லை. மண்ணுக்குள் வித்து வருடக்கணக்காகக் கிடக்கும். ஒவ்வொரு ஜனவரியிலும் ஈரம் காயுமுன் நானும் மகளும் வரிசையாக நடந்து கன்று பிடுங்குகிறோம். ஒரு சாண் உயரத்தில் இரண்டு விரலால் வரும், அடுத்த வருடத்துக்கு விட்டால் அலவாங்கு வேண்டும். போன முறை 64. பெரும்பாலும் படலையடியில், கழுதைகள் இரவில் வந்து படுக்கும் இடத்தில்.